கருப்பு காரில் உப்புத்தண்ணீர்க் கறை, பாலிஷ் போடலாமா?

கேள்வி: போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டதில் பானெட் முழுக்க வெள்ளை வட்டங்கள், ஷாம்பு போட்டும் போகவில்லை. நேரே ரப்பிங் பாலிஷ் போட்டுவிடலாமா அண்ணா?

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, பானெட் சூடு ஆறிய பிறகு நிழலில் வைத்து, மைக்ரோஃபைபர் துணியை அதில் நனைத்துக் கறைமேல் ஒரு நிமிடம் ஒற்றிவிட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு மேலாகப் படிந்திருந்தால் கரைந்துவிடும்.

பதில்: அதிலும் போகாவிட்டால்தான் பாலிஷ். பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பாதுகாப்புப் படலமான கிளியர் கோட்டே சுமார் 40–50 மைக்ரான்தான், ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சம் தேய்த்து எடுத்துவிடும், அதனால் சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் பாலிஷ் போடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

பதில்: சரி, பாலிஷ் போட்டால் அப்புறம் பெயின்ட்டைக் காக்க மேலே வாக்ஸோ சீலன்ட்டோ பூசுவது கட்டாயம். செராமிக் கோட்டிங் (பெயின்ட்மேல் போடும் கடினமான பாதுகாப்புப் பூச்சு) போட்டிருந்தாலும் அதன்மேல் உப்பு படியும், கழுவியதும் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள்.