நீண்ட ஓட்டத்துக்குப் பின் வரும் தலைவலி: தண்ணீர் குறைவா, மிகுதியா?

திருவான்மியூரிலிருந்து

எனக்கு வயது 47. நான்கு ஆண்டுகளாக ஓடி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அக்கரை வரை சென்று திரும்புவது வழக்கம். ஏறத்தாழ 20 கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். ஓடும்போது ஒரு தொல்லையும் இல்லை. வீடு வந்து குளித்து உட்கார்ந்த பிறகு, ஒன்பது மணியளவில் இரண்டு நெற்றிப்பொட்டுகளிலும் விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கும் வலி மாலை வரை விடுவதில்லை. ஞாயிறு முழுவதும் நான் இருட்டறையில் படுத்துக் கிடப்பதாக வீட்டில் குறைபட்டுக்கொள்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

விசாரித்த இடத்திலெல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான்: தண்ணீர் போதவில்லை. ஆகவே கிளம்புமுன் ஒரு லிட்டர், வழியில் 1.2 லிட்டர், திரும்பியதும் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டரை லிட்டர் என்று கூட்டிக்கொண்டே போனேன். தலைவலி குறையவில்லை. சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று வாந்தியும் சேர்ந்துகொண்டது. மோதிரம் விரலில் இறுகிப்போய், சோப்பு தடவிக் கழற்ற வேண்டியதாயிற்று. இதைப் போன்ற தலைவலியைக் கண்டு மீண்டவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் உதவியாக இருக்கும்.

கோவையிலிருந்து

நான் பொது மருத்துவர், நானும் ஓடுபவள்தான். நீங்கள் எழுதியதில் முதலில் என் கண்ணில் பட்டது மோதிரம். வெக்கையில் நெடுநேரம் கையை வீசி ஓடினால் விரல்கள் சற்றே உப்புவது உண்டு என்றாலும், அதனுடன் வாந்தியும் தலைவலியும் சேர்ந்து, குடித்த தண்ணீரும் நீங்கள் சொல்லும் அளவு என்றால், அதை நீரிழப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

தயக்கத்துக்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நீண்ட தூர ஓட்டத்தின் முதலுதவிக் கூடாரத்தில் தன்னார்வலராக இருந்தேன். ஐந்தரை மணி நேரம் ஓடி முடித்த ஒரு பெண்மணி தலையைப் பிடித்துக்கொண்டு வந்து அமர்ந்தார், வாந்தி எடுத்தார், கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில் சொன்னார். சுற்றி நின்றவர்கள் நல்லெண்ணத்தோடு பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் நீரிழப்பு என்றே எண்ணி வழக்கமான சலைனை ஏற்றச் சொல்ல வாயெடுத்தபோதுதான், அவருடைய வளையல் மணிக்கட்டில் அழுந்தித் தடம் பதித்திருப்பதைப் பார்த்தேன். வழியில் இருந்த ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் தவறாமல் நின்று குடித்ததாக உடன் ஓடிய தோழி சொன்னார். மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்தபோது சோடியம் 124 என்று வந்தது; இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. தண்ணீரை நிறுத்தி, 3 சதவீத உப்புக் கரைசலைச் சிறிதளவு ஏற்றிய பிறகு தெளிந்தார். அன்று அந்த வளையலைப் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

நெடுநேர உழைப்பின்போது உடல் நீரைச் சேமிக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. அதனால் குடிக்கும் நீர் உடனே சிறுநீராக வெளியேறுவதில்லை. வியர்வையில் உப்பும் போய்க்கொண்டிருக்க, மேலும் மேலும் வெறும் தண்ணீர் சேரும்போது இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது. நீர் செல்களுக்குள் புகுகிறது. மற்ற உறுப்புகள் வீங்க இடமுண்டு, மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளைக்கு இல்லை. தலைவலி அதன் தொடக்கநிலை அறிகுறிகளில் ஒன்று. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. மூவருக்கு 120 அல்லது அதற்கும் கீழே. ஓட்டத்தின்போது உடல் எடை கூடியிருந்தவர்களிடம்தான் இது மிகுதியாகக் காணப்பட்டது. மணிக்கணக்கில் ஓடிவிட்டு உடல் எடை கூடுவது என்பதே முறையற்றது அல்லவா?

ஆகவே அடுத்த ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், ஈர உடையைக் களைந்துவிட்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போனதாகக் கொள்ளலாம். எடையில் 2 சதவீதம் வரை குறைவது கவலைக்குரியதல்ல. தாகத்துக்குக் குடியுங்கள், கிளம்புமுன் வயிறு முட்டக் குடிப்பதை விடுங்கள். இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர் என்றால், எதையும் மாற்றுமுன் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். அம்மாத்திரைகளில் சில தாமே சோடியத்தைக் குறைக்கக்கூடியவை. தலைவலிக்கு ஐபுபுரூபன் போன்ற மாத்திரைகளை ஓட்டத்தன்று விழுங்குவதையும் தவிருங்கள். நீர் வற்றிய வேளையில் அவை சிறுநீரகத்துக்குச் சுமை.

இன்னொன்று. உழைப்பினாலேயே தோன்றி, தானே அடங்கும் ஒருவகைத் தலைவலியும் உண்டு. ஆயினும் இடி விழுந்தாற்போல் ஒரே கணத்தில் உச்சத்தைத் தொடும் வலி, கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், மயக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் எடையும் பார்க்க வேண்டாம், மோரும் குடிக்க வேண்டாம்; நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

காரைக்குடியிலிருந்து

தம்பி, நான் ஓடியவன் அல்லன்; நடப்பவன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக நடக்கிறேன். குன்றக்குடியில் கிளம்பி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் போவோம். தை மாதம் இரவில் பனி கொட்டும். பகலில் தார்ச்சாலையின் வெக்கை முழங்கால் வரை ஏறும்.

என் மைத்துனர் முதன்முதலாக உடன் வந்த ஆண்டு, சாலையோரத்தில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்க மறுத்து, இளநீர் மட்டுமே குடித்தார். அதைவிடச் சுத்தமானது எது என்பது அவர் கட்சி. விரதம் என்று ஒருவேளைதான் உணவு, அதிலும் உப்பைக் குறைத்துக்கொண்டார். நத்தத்துக்கு முன்பாகவே தலை இடிக்கிறது என்று ஒரு புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். பந்தல் போட்டிருந்த ஓர் ஆச்சி அவரைப் பார்த்து, இளநீர்க் கூட்டைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் உப்புத் தூக்கலாகப் போட்ட நீர்மோரை ஒரு சொம்பு நிறையக் கொண்டுவந்து வைத்தார். பிறகு கஞ்சியும் நாரத்தங்காய் ஊறுகாயும் வந்தன. ஒன்றரை மணி நேரத்தில் மைத்துனர் எழுந்து நடந்தார். அந்த ஆச்சிக்குச் சோடியம் என்ற சொல் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இப்போதெல்லாம் பந்தல்களில் நீர்மோர்ப் பானையின் இடத்தில் கலர் பாட்டில்கள் வந்து உட்கார்ந்துவிட்டன என்பதையும் வருத்தத்தோடு சொல்லிவைக்கிறேன்.

திருச்சியிலிருந்து

நான் நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டுபவன். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய வகை. தண்ணீர், உப்பு எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் எனக்குத் தலைவலி இருந்தது. ஒன்று, ஹெல்மெட்டைப் பின்னால் இறுக்கும் திருகு. அதைத் தளர்த்தியதும் பிடரியில் இருந்த வலி போயிற்று. மற்றது காபி. காபி உடலில் உள்ள நீரை வற்றச் செய்யும் என்று யாரோ சொன்னதை நம்பி, பயண நாட்களில் மட்டும் நிறுத்திவிடுவேன். தினமும் இரண்டு டம்ளர் டிகிரி காபி குடித்துப் பழகிய தலை அதைப் பொறுக்குமா? திருவான்மியூர் நண்பர் ஞாயிறன்று எத்தனை மணிக்குக் காபி குடிக்கிறார் என்று அறிய விரும்புகிறேன்.

கோவையிலிருந்து, மீண்டும்

காரைக்குடி ஐயா சொன்னதில் ஆச்சியின் பக்கமே நியாயம் இருக்கிறது: இளநீரில் பொட்டாசியம் மிகுதி, வியர்வையில் நாம் பெரிதும் இழக்கும் சோடியம் குறைவு. வியர்வையில் போகும் சோடியத்தின் அளவு ஆளுக்கு ஆள் மிகவும் மாறுபடும். லிட்டருக்கு அரை கிராமும் உண்டு, ஒன்றரை கிராமைத் தாண்டுவோரும் உண்டு. கறுப்பு பனியன் உலர்ந்ததும் வெள்ளைக் கோடு படிபவர்கள் இரண்டாம் வகைக்கு அருகில் இருப்பார்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்குபவர்களுக்கு ஒரு சொல்: 20.5 கிராம் பொட்டலத்தை முழு ஒரு லிட்டர் நீரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குலுக்குவதை ஓட்டக்காரர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன்.

காபியைப் பற்றி: கடைசியாகக் குடித்த 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்குவது பாடநூலிலேயே உள்ள செய்திதான். பழகியவருக்கு ஒரு டம்ளர் காபியால் நீர் வற்றிவிடாது.

திருவான்மியூரிலிருந்து, மூன்று வாரங்களுக்குப் பின்

அனைவருக்கும் நன்றி. நீர் பிரியும் மாத்திரை எதுவும் நான் எடுப்பதில்லை. எடை பார்க்கும் இயந்திரம் வாங்கினேன். முதல் ஞாயிறன்று கிளம்பும்போது 71.4 கிலோ, திரும்பியபோது 69.8. வழியில் தாகத்துக்குக் குடித்தது 700 மில்லி. ஆக, இரண்டேகால் மணி நேரத்தில் வியர்வையாகப் போனது 2.3 லிட்டர், நான் இத்தனை நாளும் அதற்கு ஈடாகக் குடித்துக்கொண்டிருந்தது 4.7 லிட்டர். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

வந்ததும் உப்பிட்ட கஞ்சி, பிறகு நீர்மோர், நண்பகலுக்குள் சிறிது சிறிதாக மொத்தம் இரண்டு லிட்டர் என்று மாற்றிக்கொண்டேன். திருச்சி நண்பர் கேட்ட கேள்விக்குப் பதில்: ஞாயிறன்று மட்டும் காபி பதினொரு மணிக்குத்தான், அதற்கு முந்தையது சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. ஆகவே அதையும் ஓட்டம் முடிந்த கையோடு ஏழரைக்குக் கொண்டுவந்தேன். முதல் இரண்டு ஞாயிறும் தலைவலி இல்லை. மூன்றாம் ஞாயிறு விருந்தினர் வந்திருந்ததால் கஞ்சியும் மோரும் தப்பாமல் நடந்தாலும் காபி தள்ளிப்போயிற்று. பத்தரை மணிக்கு நெற்றியில் லேசாகத் தொடங்கியது, ஒரு டம்ளர் குடித்த அரை மணி நேரத்தில் அடங்கியது. வாந்தி இல்லை, தெறிப்பும் இல்லை; முன்பு வந்த வலியின் சாயலே அதில் இல்லை.

இப்போது நாலரை மணிக்குக் கிளம்புமுன்பே காபியை முடித்துவிடலாமா என்று யோசிக்கிறேன். ஒருமுறை முயன்றதில் நீலாங்கரை தாண்டுவதற்குள் வயிறு கலக்கிவிட்டது. இதற்கு வழி கண்டவர்கள் யாரேனும் இருந்தால் எழுதுங்கள்.