டைகாஸ்ற் காருக்கு வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

கொக்குவில், திங்கள் காலை

வணக்கம். வரும் சனிக்கிழமை எங்கள் வாசிகசாலையில் தரம் 9, 10 பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி. ஹொட் வீல்ஸ் மாதிரியான சின்ன உலோகக் கார்களைக் கழற்றி, பெயின்ற் மாற்றி, வேறு சில்லுப் பூட்டுவது. கையேடு தமிழில், வியாழன் அச்சகத்துக்குப் போக வேண்டும். இந்தக் கார்களை அச்சில் வார்க்கிற முறையான டைகாஸ்ற் (die-cast) என்பதற்கு 'அச்சுவார்ப்பு' என்று போட்டேன், இரண்டாம் பக்கத்திலேயே இடறிவிட்டது. "அச்சை மெதுவாக வளைத்துக் கழற்றவும்" என்று நான் எழுதியது இரண்டு சில்லையும் கோத்திருக்கும் ஊசிக்கம்பியை. மகள் வாசித்துவிட்டு, "அச்சு ஃபக்ரறியில எல்லோ இருக்கும், அதை எப்பிடியப்பா கழற்றுறது?" என்கிறாள். உதவுங்கள்.

சுன்னாகம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, பிள்ளை கேட்டதில் நியாயம் இருக்கிறது. அவை இரண்டும் ஒரு சொல்லே அல்ல. வண்டியின் அச்சு வடமொழி 'அக்ஷ' வழியாக வந்தது, வார்க்கிற அச்சு நம்முடையது என்பது என் கட்சி. வள்ளுவர் மயிற்பீலி ஏற்றிய வண்டியில் முறிகிறதே, அது முதலாவது அச்சு. அச்சாணி அதன் பிள்ளை. ஆகவே வண்டி அச்சுக்கு 'இருசு' என்ற பழைய சொல்லை எடுங்கள், வார்ப்பு அச்சை அதன்பாட்டில் விடுங்கள்.

அச்சுவேலி

ஐயா, அப்படியானால் எங்கள் ஊர்ப் பெயரில் இருப்பது எந்த அச்சு? நாற்பது வருடமாகக் கேட்கிறேன்.

சுன்னாகம்

அது தனி வழக்கு. அதற்குள் போனால் வியாழன் போய்விடும். (ஆனாலும் எனக்கொரு எண்ணம் உண்டு, தனி மடலில் எழுதுகிறேன்.)

நெல்லியடி, கராஜ்காரன்

இருசு எண்டால் எந்தப் பெடியனுக்கு விளங்கும்? மொறிஸ் மைனருக்குக் கீழே படுத்துக்கொண்டு "இருசைத் தா" என்று கேட்டால் என் பெடியன் முழிப்பான். அக்சில் என்றே போடுங்கள். அதைவிட முக்கியம் அடித்தட்டை உடலோடு பிணைக்கிற இரண்டு றிவெற்றும். காரைக் கவிழ்த்துப் பிடித்து, 3 மில்லிமீற்றர் துளைப்பானால் அந்தத் தலையை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும், ஆழம் போனால் உள்ளேயிருக்கிற தூண் பாழ். பெயின்ற் உரிக்கிற மருந்தைத் தொட முதல் கண்ணாடியையும் சீற்றையும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அசிற்றோன் பட்டால் பிளாஸ்ரிக் கரைந்து பால் மாதிரி மங்கிவிடும். சொல்லை அப்புறம் பார்க்கலாம்.

சுன்னாகம்

றிவெற்றுக்குத் 'தறையாணி' இருக்கிறதே!

பருத்தித்துறை

வெறும் 'வார்ப்பு' போதும் என்று யாராவது சொல்லப் போகிறார்கள், அதற்கு முன் நான் சொல்லிவிடுகிறேன்: போதாது. கோயில் மணியும் வார்ப்புத்தான். மணல் அச்சை ஒவ்வொரு தடவையும் உடைக்க வேண்டும். பனங்கட்டி வார்க்கிற குட்டானும் கட்டியோடேயே கடைக்குப் போய்விடும். டைகாஸ்ற்றில் உருக்கு அச்சு அப்படியே நிற்கும், உருகிய நாகக் (துத்தநாகக்) கலவை அழுத்தத்தோடு உள்ளே பாயும். கலவையில் ஏறத்தாழ 4 வீதம் அலுமினியம், மிச்சத்தில் பெரும்பங்கு நாகம். இதை 'வார்த்தல்' என்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. தோசையை வார்க்கலாம், இதைப் பீச்சுகிறார்கள். 'அழுத்த வார்ப்பு' என்றால் என்ன?

அச்சுவேலி

பீச்சுக் கார் என்று போட்டால் கடற்கரைக் கார் என்று நினைப்பார்கள் அக்கா.

சென்னை

நண்பர்களே, இடையில் வருவதற்கு மன்னிக்கவும். கார் எதற்கு, மகிழுந்து இருக்கிறதே? அடுத்து, 'சில்லு' என்பது இங்கே கணினிச் சில்லைக் குறிக்கும், சக்கரம் என்று எழுதுங்கள். மூன்றாவது, நீங்கள் அனுப்பிய வரைவில் 'சோடித்த கார்' என்று இருக்கிறது. இங்கே சோடித்தது என்றால் காவல்துறை போடும் பொய் வழக்கு!

கொக்குவில்

அண்ணா, எங்களுக்குச் சப்பறமும் மணவறையும் சோடிக்கப்பட்டவைதான், அதில் பொய் ஒன்றும் இல்லை. 'தனிப்பயனாக்கம்' என்று முதலில் போட்டிருந்தேன், வங்கிப் படிவம் மாதிரி இருந்தது. கடையில் வாங்கின காரைத் தன் ஆசைக்கு மாற்றுகிற பிள்ளை செய்வது சோடனைதான். சில்லையும் விட மாட்டேன். வகுப்பில் சக்கரம் என்றால் நவராத்திரிப் பூசை ஞாபகம் வருகிறது.

நெல்லியடி

மகிழுந்தை நான் திருத்த மாட்டேன். கார் என்றால் கொண்டு வாருங்கள்.

சுன்னாகம்

கார் என்றால் தமிழில் மேகம், கருமை, ஒரு பருவம். பார்க்கப்போனால் அது நம்முடைய சொல்தான், ஆங்கிலேயன்தான் கடன்பட்டவன் என்று ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். நான் அந்த அளவுக்குப் போகவில்லை.

கொக்குவில், புதன் இரவு

நன்றி எல்லோருக்கும். களைத்துவிட்டேன். 'வார்ப்புக் கார்' என்று நான்கு பேர், 'அழுத்த வார்ப்பு' என்று ஒருவர், 'டைகாஸ்ற்' என்றே விடு என்று இருவர். வார்ப்புக் கார், சில்லு, அக்சில், சோடனை என்று போகிறது. தறையாணியை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன், ஐயாவுக்காக.

பருத்தித்துறை

என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அது வார்ப்பு அல்ல.

சுன்னாகம், வியாழன் காலை

மாதிரிப் பிரதி பார்த்தேன். இரண்டு சொல்லையும் சேர்த்து 'வார்ப்புக்கார்' என்று அடித்திருக்கிறார்கள். வேகமாக வாசித்தால் வார்ப்புக்காரர் என்று விழுகிறது, பித்தளை வேலை செய்கிறவர்கள் போல. வன்தொடர்க் குற்றியலுகரம், ஆகவே 'க்' மிகத்தான் வேண்டும், அதைத் தொடாதே. நடுவில் இடைவெளி விடச் சொல்லு. அச்சகம் திறந்துவிட்டதா?