மனத்தில் எழுவது காட்சியா, வரைபடமா?

திசைமானி:
ஓர் இடத்தை நினைக்கும்போது, அங்கே நிற்கும் ஒருவரின் கண்ணுக்குத் தெரியும் காட்சியே மனத்தில் எழுகிறது. பார்ப்பவர் இல்லாத 'மன வரைபடம்' என்பது வெறும் ஊகம். பிசியாக், லுசாட்டி என்ற இத்தாலிய ஆய்வாளர்கள் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. வலப்பக்க மூளை பாதிக்கப்பட்டதால் இடப்புறத்தைக் கவனிக்க இயலாதிருந்த நோயாளிகள் இருவரிடம், மிலான் பேராலயச் சதுக்கத்தில் பேராலயத்தை நோக்கி நிற்பதாக எண்ணிக்கொண்டு சுற்றிலும் உள்ளவற்றைச் சொல்லச் சொன்னார்கள். அவர்கள் பெரும்பாலும் வலப்புறத்தில் உள்ளவற்றையே சொன்னார்கள்.

வரைகோல்:
பாதி ஆய்வைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். பேராலய வாசலில் நின்று சதுக்கத்தை நோக்குவதாக எண்ணச் சொன்னதும், அதே நோயாளிகள் முன்பு விட்டுவிட்ட பக்கத்தைச் சொன்னார்கள்; முன்பு சொன்ன பக்கம் விடுபட்டது. சதுக்கம் முழுவதும் நினைவில் இல்லாவிட்டால் இது எப்படி நடக்கும்? எந்தக் கோணத்தையும் சாராத அந்தச் சேமிப்பைத்தான் வரைபடம் என்கிறோம்.

திசைமானி:
மறுபாதியும் என் பக்கமே பேசுகிறது, நண்பரே. சேமிப்பு எந்த வடிவில் இருந்தாலும், நிற்கும் இடம் மாறியதும் சொல்லக்கூடியவையும் மாறிவிட்டன.

வரைகோல்:
ஊகம் என்றது இப்போது 'எந்த வடிவில் இருந்தாலும்' என்று ஆகிவிட்டது!

தென்கரை:
இடது, வலது என்பதையே இருவரும் அடிப்படையாகக் கொள்கிறீர்கள். மதுரை மாவட்டத்தில் ஆய்வு செய்த எரிக் பெடர்சன், அருகிலுள்ள பொருளைக்கூட வடக்கு, தெற்கு என்று குறிக்கும் கிராமத்தாரையும், இடது, வலது என்று சொல்லும் நகரத்தாரையும் ஒப்பிட்டார். இவ்வகை ஆய்வுகளில், ஒரு மேசையில் கண்ட பொம்மை வரிசையை 180 பாகை திரும்பி வேறொரு மேசையில் அடுக்க வேண்டும். திசைச் சொற்களைப் புழங்குவோர் வடக்கு நோக்கிய பொம்மையை வடக்கு நோக்கியே வைக்க முனைகிறார்கள். உடல் திரும்பினாலும் அவர்கள் மனத்தில் உள்ள வரிசை திரும்புவதில்லை.

வரைகோல்:
நன்று. மனக்காட்சியே எழாதவர்களையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 2021இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்கள் புகைப்படத்தில் கண்ட அறையை நினைவிலிருந்து வரைந்தபோது பொருள்களின் விவரங்கள் குறைந்தன. ஆனால் அவற்றின் இடங்கள் மற்றவர்கள் வரைந்த அளவுக்குச் சரியாகவே இருந்தன. காட்சி இல்லாமலே இட அமைப்பு இருக்கிறது.

திசைமானி:
அவர்கள் பார்த்தது ஒரே கோணத்தில் எடுத்த படம். வரைந்ததும் அதே கோணத்தில்தான். எதிர்ச்சுவரின் பக்கம் நின்றால் அறை எப்படித் தெரியும் என்று வரையச் சொல்லியிருந்தால் அல்லவா உங்கள் வரைபடம் சோதிக்கப்பட்டிருக்கும்?