டீகாஸ் ஏறச் சொன்னா ஏறோணுமுங்க

ஓடுபாதை 23

வணக்கமுங்க. டீகாஸ் (ரெண்டு விமானம் வானத்துல மோதிக்காம எச்சரிக்கற கருவி) வாயைத் திறந்த சந்தர்ப்பங்களைப் பத்தி, உள்ள என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சவங்க எழுதுங்க. உயரம், விநாடி, காரணம் இருந்தாப் போதும். முதல் கணக்கு இங்கிருந்தே ஆரம்பிக்கட்டும்.

480 நாட்ல (நாட்னா மணிக்கு ஒரு நாட்டிகல் மைல், 1.85 கிலோமீட்டர்) எதிரெதிரா ரெண்டு ஜெட் வருதுன்னு வெச்சுக்குங்க. நெருங்கற வேகம் 960 நாட், நிமிசத்துக்கு 16 நாட்டிகல் மைல். 20,000 அடிக்கு மேல டீகாஸ் மோதறதுக்கு 48 விநாடி இருக்கறப்ப டி.ஏ. குடுக்கும், "டிராபிக், டிராபிக்"னு. 35 விநாடி இருக்கறப்ப ஆர்.ஏ., "கிளைம்ப்" இல்லாட்டி "டிசெண்ட்". முதலாவது பாத்துக்கோங்கறது, ரெண்டாவது இப்படிப் போங்கறது. அந்த 35 விநாடியைத் தூரமாக்கினா 17 கிலோமீட்டர் சொச்சம். கோவை பீளமேடு விமான நிலையத்துல இருந்து கருமத்தம்பட்டி நேர்கோட்டுல ஏறக்குறைய அவ்வளவுதான். நம்ம ஆளுங்க பைபாஸ்ல அரைமணி ஓட்டற தூரம்.

ஆர்.ஏ. வந்தா பைலட் 5 விநாடிக்குள்ள கைவெச்சு, புவியீர்ப்புல கால் பங்கு (0.25 ஜி) அளவுக்கு இழுத்து, நிமிசத்துக்கு 1,500 அடி வேகத்துக்குக் கொண்டுவரோணும். அதாவது விநாடிக்கு 25 அடி. மீதி 30 விநாடியில 750 அடி கிடைக்கும். 20,000 அடிக்கு மேல டீகாஸ் கேக்கற குறைஞ்சபட்ச இடைவெளி 600 அடி (42,000 அடியத் தாண்டினா 700). அந்த 5 விநாடியை 15 ஆக்கிப் பாருங்க. 500 அடிதான் வரும், பத்தாது. "என்னான்னு பாத்துட்டுச் செய்யலாம்"ங்கறதுக்கு இதுல இடமே இல்லை.

ஒண்ணை நெனப்புல வெக்கோணும். டீகாஸ் தூரத்தைப் பாத்துக் கத்தறதில்லை, நேரத்தைப் பாத்துத்தான் கத்துது. தூரத்தை நெருங்கற வேகத்தால வகுத்தா வர்ற விநாடி, அதுக்கு டௌன்னு பேரு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஒரே திசையில மெதுவா ஒட்டி வந்தா நெருங்கற வேகம் கிட்டத்தட்ட பூஜ்யம். அப்ப டௌ கணக்கு ஏமாத்திரும். அதுக்குத்தான் தனியா ஒரு தூர எல்லையும் போட்டு வெச்சிருக்காங்க. 20,000 அடிக்கு மேல டி.ஏ.க்கு 1.3 நாட்டிகல் மைல், ஆர்.ஏ.க்கு 1.1.

கோபுரத்துக்காரர்

அடிக்கடி வர்ற வகையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒருத்தர் 26,000 அடியில் சமமாகப் பறக்கிறார். இன்னொருத்தருக்கு 25,000 அடி வரை ஏற அனுமதி. இடையில் 1,000 அடி இருக்கிறது, விதிப்படி எல்லாம் சரி. ஆனால் கீழே இருப்பவர் நிமிஷத்துக்கு 3,000 அடி வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கிறார். அவருடைய ஆட்டோபைலட்டில் 25,000 என்று வைத்திருப்பது டீகாஸுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது விநாடிக்கு 50 அடி என்பது மட்டும். 24,250 அடியைத் தாண்டும்போது மேலே இருப்பவரை எட்ட இன்னும் 1,750 அடி, அதாவது சரியாக 35 விநாடி. கிடைமட்டத்திலும் நேரம் ஒத்துவந்தால் "லெவல் ஆஃப், லெவல் ஆஃப்" (ஏறுவதை நிறுத்திச் சமமாகப் பற) என்று குரல் வந்துவிடும். அதே விமானம் 1,500 அடி வேகத்தில் வந்திருந்தால் அந்த இடத்தில் 70 விநாடி இருந்திருக்கும், டீகாஸ் வாயைத் திறந்திருக்காது.

அதனால்தான் பக்கத்து உயரத்தில் வேறு விமானம் இருப்பது தெரிந்தால், கடைசி 1,000 அடியை 1,500 அடிக்குக் குறைந்த வேகத்தில் முடிக்கச் சொல்கிறார்கள். இதைச் செய்யாமல் வரும் ஆர்.ஏ.வுக்கு டீகாஸைத் திட்டிப் பயனில்லை.

இந்த "லெவல் ஆஃப்" பழைய டீகாஸில் கிடையாது. "அட்ஜஸ்ட் வெர்டிகல் ஸ்பீட், அட்ஜஸ்ட்" என்று சொல்லும். எந்தப் பக்கம் அட்ஜஸ்ட் செய்வது என்று புரியாமல் வேகத்தைக் குறைப்பதற்குப் பதில் கூட்டியவர்களும் உண்டு. 7.1 பதிப்பில்தான் வார்த்தையை மாற்றினார்கள். புது விமானங்களுக்கு 2014 ஜனவரி 1 முதலும், எல்லாவற்றுக்கும் 2017 ஜனவரி 1 முதலும் அந்தப் பதிப்பு கட்டாயம் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் விதி.

ஓமலூர் பயிற்சி

அண்ணா, ஏடிசி (தரையில இருக்கற கட்டுப்பாட்டாளர்) ஒண்ணு சொல்லி டீகாஸ் வேற ஒண்ணு சொன்னா? படிக்கறப்ப டீகாஸ்தான்னு சொல்லிக் குடுத்தாங்க. ராடார் வெச்சிருக்கற ஆளைவிட அது எப்படிங்க பெருசு?

கோபுரத்துக்காரர்

தம்பி, ராடார் திரை சில விநாடிக்கு ஒருதரம்தான் புதுப்பிக்கும். டீகாஸ் விநாடிக்கு ஒருதரம் கேட்கிறது. அதைவிடப் பெரிய காரணம், டீகாஸ் இன்னொரு விமானத்தின் டீகாஸோடு பேசி முடிவெடுக்கிறது. அந்தப் பேச்சு கோபுரத்தில் இருப்பவர் காதில் விழாது.

2002 ஜூலை 1, ஜெர்மனியின் ஊபர்லிங்கன். 36,000 அடியில் ஒரு ரஷ்யப் பயணிகள் விமானம், டியூ-154. குறுக்கே ஒரு சரக்கு விமானம், போயிங் 757. ஜூரிக்கில் இருந்த கட்டுப்பாட்டாளர் டியூ-154-ஐ இறங்கச் சொன்னார். சில விநாடியில் அதன் டீகாஸ் ஏறச் சொன்னது. அதே நேரம் 757-இன் டீகாஸ் இறங்கச் சொன்னது, அவர்கள் இறங்கினார்கள். டியூ-154 கட்டுப்பாட்டாளர் பேச்சைக் கேட்டு அதுவும் இறங்கியது. ஏறு, இறங்கு என்று இரண்டு இயந்திரமும் சரியாகப் பங்குபோட்டுக் கொடுத்ததை ஒரு பக்கம் மட்டும் கேட்டது. 71 பேர் போய்விட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம் ஜனவரி 31 அன்று ஜப்பான் வானில் ஒரே கம்பெனியின் இரண்டு விமானங்களுக்கு இதே குழப்பம் வந்து, மயிரிழையில் தப்பித்தன.

இப்போது நடைமுறை எளிது. பைலட் "டீகாஸ் ஆர்.ஏ." என்று இரண்டே வார்த்தை சொல்வார். கோபுரத்திலிருந்து "ராஜர்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏறு, இறங்கு எதுவும் சொல்லக்கூடாது. பக்கத்து விமானம் எங்கே என்ற தகவல் வேண்டுமானால் தரலாம். "கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்" (மோதல் அபாயம் நீங்கியது) என்ற குரல் வந்து, பைலட் பழைய உயரத்துக்குத் திரும்புவதாகச் சொன்ன பிறகுதான் அவர் மறுபடி நம் பொறுப்புக்கு வருகிறார். கை துறுதுறுக்கும், வாயைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் வேலை.

ஏவியானிக்ஸ் அவினாசி

ரெண்டு டீகாஸும் எப்படிப் பங்குபோட்டுக்குதுன்னு யாரும் சொல்லலையே. டிரான்ஸ்பாண்டர்னா ரேடியோவுல கேட்டாப் பதில் சொல்ற கருவி. அதுல புது வகையான மோட் எஸ் ஒவ்வொண்ணுக்கும் 24 பிட் முகவரி உண்டுங்க. இந்தியப் பதிவு விமானத்துக்கெல்லாம் அது 80-ல இருந்து 83-க்குள்ள ஆரம்பிக்கும். முதல்ல முடிவெடுத்தவர் "நான் மேல போறேன், நீ மேல வராதே"ன்னு சேதி அனுப்புவார். மத்தவர் அதுக்கு எதிர்ப்பக்கம் எடுத்துக்குவார். ரெண்டு பேரும் ஒரே நொடியில ஒரே பக்கத்தை எடுத்துட்டா, முகவரி எண்ணு பெருசா இருக்கறவர் மாத்திக்கோணும். கோவைக்கு வர்ற பெரிய ஜெட்டா, சேலத்துக்கு வர்ற சின்ன ஏடிஆர் விமானமான்னு பார்க்காது. எண்ணு சின்னதா இருக்கறவர் ஜெயிப்பார், அவ்வளவுதான்.

அப்பறம் அது எப்படிக் கண்டுபிடிக்குது? விமானத்து முதுகுல ஒரு ஆன்டெனா, வயித்துல ஒண்ணு. 1030 மெகாஹெர்ட்ஸ்ல கேள்வி போகும், 1090-ல பதில் வரும். பதில் வர ஆகற நேரத்தை வெச்சுத் தூரம். போய்வர ஒரு நாட்டிகல் மைலுக்கு 12.36 மைக்ரோ விநாடி. தூரம் நெம்பத் துல்லியம். உயரம் எதிராளியே சொல்றது. திசைதான் தொல்லை. 5 டிகிரி பிசகறது சகஜம், 10 நாட்டிகல் மைல்ல அதுவே ஒண்ணரைக் கிலோமீட்டர் தள்ளிக் காட்டும். அதுனாலதான் டீகாஸ் எப்பவும் ஏறு, இறங்குன்னு மட்டும் சொல்லும், திரும்புன்னு சொல்லாது. டி.ஏ. வந்ததும் திரையைப் பாத்துத் திரும்பறது படுதப்பு. திரையில வலப்பக்கம் தெரியறவர் நெசத்துல மூக்குக்கு நேராவே இருக்கலாம்.

திரையில என்ன தெரியும்னு கேக்கறவங்களுக்கு: உள்ளீடில்லாத வைரம்னா சும்மா போறவர். 6 மைல், 1,200 அடிக்குள்ள வந்தா வைரம் நிரம்பும். மஞ்சள் வட்டம் டி.ஏ., சிவப்புச் சதுரம் ஆர்.ஏ. பக்கத்துல "-08"னு இருந்தா 800 அடி கீழ. மேல்நோக்கி அம்பு இருந்தா நிமிசத்துக்கு 500 அடிக்கு மேல ஏறிட்டு இருக்கார். மஞ்சள் வட்டம், -08, மேல் அம்பு மூணும் சேந்து வந்தா கை தானா ஸ்டிக் பக்கம் போயிரோணும், ஆனா இழுக்கக் கூடாது. ஆர்.ஏ. வரட்டும்.

ஓமலூர் பயிற்சி

முகவரி இல்லாம உயரம் மட்டும் சொல்ற பழைய மோட் சி டிரான்ஸ்பாண்டர் பத்துப் பேர் ஒரே நேரத்துல பதில் சொன்னா குழம்பிடாதுங்களா?

ஏவியானிக்ஸ் அவினாசி

குழம்பும். அதுக்கு ஒரு தந்திரம் இருக்கு. திருப்பூர்ச் சந்தையில ஒரே பேர்ல பத்துப் பேர் நிக்கறாங்கன்னு வெச்சுக்குங்க. முதல்ல கிசுகிசுன்னு கூப்பிட்டா கிட்ட நிக்கறவர் மட்டும் திரும்புவார். அடுத்து "இப்பத் திரும்பினவர் சும்மா இருங்க"ன்னுட்டுச் சித்த சத்தமாக் கூப்பிட்டா அடுத்தவர். டீகாஸும் அப்படியே, சக்தியைப் படிப்படியாக் கூட்டி, ஏற்கெனவே பதில் சொன்னவங்களை அடக்கற துடிப்பைச் சேத்து அனுப்புது. மோட் எஸ்-ல இந்தச் சிரமம் இல்லை, முகவரி போட்டுத் தனித்தனியாக் கேட்டுரலாம்.

எதிராளிகிட்ட மோட் சி மட்டும் இருந்தா ஆர்.ஏ. உங்களுக்கு வரும், அவருக்குச் சேதி போகாது. மோட் ஏ மட்டும் இருந்தா உயரமே தெரியாது. டி.ஏ. மட்டுந்தான் வரும், ஆர்.ஏ. வராது. பயிற்சி விமானத்துல உயரம் அனுப்பற சுவிட்ச்சை மறந்து அணைச்சு வெச்சா, பக்கத்துல இறங்கற ஏடிஆருக்கு நீங்க அரை ஆள்தான்.

ஒருத்தர் தனியாக் கேட்டிருந்தார், ஆல்டிமீட்டர்ல (உயரம் காட்டற கருவி) கியூஎன்எச்ங்கற உள்ளூர் காத்தழுத்த அளவைத் தப்பா வெச்சா டீகாஸும் தப்பாகுமான்னு. ஆகாதுங்க. டிரான்ஸ்பாண்டர் எப்பவும் 1013.25 ஹெக்டாபாஸ்கல் கணக்குலதான் உயரம் அனுப்பும், குமிழை எங்க திருகி வெச்சிருந்தாலும். உயரத்தை எண்ணாக்கிக் குடுக்கற என்கோடர் கெட்டிருந்தாத்தான் வினை.

சூலூர் காத்து

நம்ம ஊர் நெலவரத்தையும் சேத்துக்கலாம். பீளமேட்டுக்கும் சூலூர் விமானப்படைத் தளத்துக்கும் 12, 13 கிலோமீட்டர்தான். 2018-ல தேஜஸ் போர் விமானம் அங்க வந்துச்சு. போர் விமானம் அணியாப் பறக்கறப்ப வழக்கமாத் தலைவர் டிரான்ஸ்பாண்டர் மட்டுந்தான் பேசும். பயணிகள் விமானத்துத் திரையில ஒரே வைரம் தெரியும், நெசத்துல நாலு இருக்கலாம். அதுனால இங்க பிரிச்சு வெக்கற வேலை ரெண்டு கோபுரமும் பேசிப் பண்றது, டீகாஸ் தலையில கட்டறதில்லை.

பதில் சொல்லாதவர் டீகாஸுக்கு இல்லாதவர். 2006 செப்டம்பர் 29, பிரேசில். 37,000 அடியில வந்த சின்ன ஜெட்டோட டிரான்ஸ்பாண்டர் அனுப்பறது நின்னு போச்சு. அது நின்னா அந்த விமானத்து டீகாஸும் வேலை செய்யாது. ரெண்டு பக்கமும் ஒரு எச்சரிக்கையும் இல்லாம இறக்கை உரசி, பெரிய விமானத்துல 154 பேரும் போனாங்க. சின்ன ஜெட் இறங்கிருச்சு. திரை சுத்தமா இருக்குதுன்னா வானம் சுத்தம்னு அர்த்தமில்லை. நம்ம பக்கத்து மயிலு, பருந்து, கல்யாண டிரோன் எதுவும் அதுல வராது. குருடிமலையும் வராது, மலையைச் சொல்றது ஜி.பி.டபிள்யூ.எஸ்.ங்கற தரை எச்சரிக்கைக் கருவியோட வேலை. ரெண்டும் ஒண்ணா வந்தா ஜி.பி.டபிள்யூ.எஸ். குரல்தான் முன்னால.

ஓடுபாதை 23

தாழ்ந்த உயரத்தைப் பத்தியும் ஒண்ணு. நெலத்துக்கு மேல 1,000 அடிக்குக் கீழ ஆர்.ஏ. கெடையாதுங்க. இறங்கறப்ப 900-ல அணையும், ஏறறப்ப 1,100-ல உயிர் வரும். இது நெலத்துல இருந்து உயரத்தை அளக்கற ரேடியோ ஆல்டிமீட்டர் கணக்கு. பீளமேடு கடல்மட்டத்துக்கு மேல சுமார் 1,320 அடி, ஆக ஆல்டிமீட்டர்ல 2,220 காட்டறப்பவே ஆர்.ஏ. போயிரும். 3 டிகிரி சரிவுல அது இறங்கற இடத்துக்கு 5 கிலோமீட்டர் சொச்சம், 140 நாட்ல ஒண்ணேகால் நிமிசம். 400 அடிக்குக் கீழ "டிராபிக்" குரல்கூட வராது. தரைக்கிட்ட "டிசெண்ட்"னு சொல்லி மண்ணுல விட்டுரக் கூடாதுன்னு வெச்ச பாதுகாப்பு.

அதோட வெலை என்னான்னு 2025 ஜனவரி 29-ல வாஷிங்டன்ல தெரிஞ்சுச்சு. இறங்கிட்டு இருந்த பயணிகள் ஜெட்டுக்கு மோதறதுக்கு சுமார் 20 விநாடி முன்னால டி.ஏ. வந்துச்சு. தாழ்வா இருந்ததால ஆர்.ஏ. வரலை. ராணுவ ஹெலிகாப்டரும் ஜெட்டும் சேந்து 67 பேர். அந்த உயரத்துல கண்ணும் கோபுரமும் மட்டுந்தான்.

கோபுரத்துக்காரர்

நம் நாட்டுக்கு இது புதுப் பாடமில்லை. 1996 நவம்பர் 12, சர்க்கி தாத்ரி. 14,000 அடிக்கு ஏறிய ஜம்போவும் 15,000 அடிக்கு இறங்கிய இல்யூஷினும் மோதி 349 பேர். அதற்குப் பிறகுதான் இந்தியாவுக்குள் வந்துபோகும் விமானங்களுக்கு இந்தக் கருவியைக் கட்டாயமாக்கினார்கள்.

ஏவியானிக்ஸ் அவினாசி

கடைசியா ஹேங்கர்ல வேலை பாக்கறவங்களுக்கு. டிரான்ஸ்பாண்டர் சோதிக்கறப்ப டெஸ்ட் செட்ல 5,000, 10,000 அடின்னு உயரம் ஏத்துவோம். ஆன்டெனாவுக்கு மூடி போடாம அதைச் செஞ்சா, மேல போற விமானத்துக்குத் தனக்கு நேர் கீழ, தன் உயரத்துக்கே ஒருத்தர் ஏறி வர்ற மாதிரி தெரியும். இல்லாத ஆளுக்காக ஆர்.ஏ. வந்து, அவர் நெசமாவே ஏறுவார், அங்க நெசமாவே இன்னொருத்தர் இருப்பார். அதுனால முதல்ல கோபுரத்துக்கு ஒரு போன். ரெண்டு ஆன்டெனாவுக்கும் கப்ளர் மூடி. முடிஞ்சா வெளிய இழுக்காம ஹேங்கருக்குள்ளயே. உயரம் ஏத்தித்தான் ஆகோணும்னா யாரும் பறக்காத 60,000 அடிக்கு மேல வெச்சுப் பாருங்க. வேலை இல்லாத நேரத்துல ஸ்டாண்ட்பை. முடிஞ்சதும் மூடி ரெண்டையும் எண்ணிப் பொட்டியில போடுங்க. வயித்துப் பக்கத்து மூடியைத்தான் எப்பவும் மறப்பாங்க, குனிஞ்சு பாக்கோணும்ல.