புல்லாங்குழல் இருந்தால் பங்க் ஆகாதா? எஸ்டோனிய பங்க் சண்டை

பழைய கேசட்: 'எஸ்டோனியாவில் பங்க் (முரட்டுத்தனமான எதிர்ப்பு ராக் இசை) 1986-ல் ஜே.எம்.கே.இ. குழுவோடுதான் பிறந்தது' என்று நேற்று ஒருவர் இங்கே தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அப்போ ப்ரொபெல்லர் குழு? 1980 செப்டம்பர் 22, அன்றைய சோவியத் எஸ்டோனியாவின் தலைநகர் டாலின், காட்ரியோர்க் மைதானம். டிவிக்காரர்களுக்கும் ரேடியோக்காரர்களுக்கும் கால்பந்து, அதையொட்டி ப்ரொபெல்லர் கச்சேரி. கச்சேரியை அதிகாரிகள் முடக்கினார்கள், பையன்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். இது பங்க் இல்லையென்றால் பஜனையா?

இரும்புத்தொப்பி: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். ப்ரொபெல்லரில் பீட்டர் மால்கோவ் என்ன வாசித்தார்? புல்லாங்குழல்! பாடிய வோல்கோன்ஸ்கி நாடகக்காரர். கூடப் பாடிய அலெண்டர், 'ரூயா' என்ற ராக் குழுவின் பாடகர். குழுவுக்குத் தடை விழுந்ததும் வாத்தியக்காரர்கள் 'காசெக்கே' என்று ஆரம்பித்து ஜாஸ் ராக் பக்கம் போய்விட்டார்கள். இவர்களா பங்க்?

பழைய கேசட்: புல்லாங்குழலைப் பார்த்தா சார் தடை போட்டார்கள்? அக்டோபரில் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போய் மிலிட்சியாவிடம் (சோவியத் போலீஸிடம்) அடி வாங்கினார்கள். அதைக் கண்டித்து 40 பேர் கையெழுத்துப் போட்டு மாஸ்கோ கட்சிப் பத்திரிகையான 'பிராவ்தா'வுக்கே கடிதம் அனுப்பினார்கள். அச்சில் வரவில்லை என்பது வேறு கதை.

இரும்புத்தொப்பி: அந்த 40 பேர் பங்க் கேட்டா கையெழுத்துப் போட்டார்கள்? ரஷ்யமயமாக்கல் பயம் ஐயா, மொழி போய்விடும் என்ற பயம். கலவரம் பெரிது என்பதற்காகக் குழுவுக்குப் பங்க் பட்டம் கொடுப்பீர்களா? புல்லாங்குழலுக்கு இன்னும் பதில் வரவில்லை.

வாணி_ஆர்: இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். ஜே.எம்.கே.இ. பாடகர் வில்லு தம்மே அதற்கு முன்பே 'வெலிக்கியே லுக்கி' என்ற பங்க் குழுவில் இருந்தார். ட்ரூபெட்ஸ்கியின் 'வென்னாஸ்கோண்ட்' என்ற பங்க் குழு தொடங்கியது 1984. அப்படியென்றால் 1986 எப்படிப் பிறந்த வருஷம் ஆகும்?

இரும்புத்தொப்பி: வந்துவிட்டார் நாட்டாமை. வெளியில் தெரியும்படி ஆல்பம் போட்டது யார்? ஜே.எம்.கே.இ.யின் 'கூல்மலே மாலே', 1989. அதைச் சொல்லுங்கள்.

பழைய கேசட்: அதை வெளியிட்டது ஃபின்லாந்து கம்பெனி! ஜே.எம்.கே.இ. ஃபின்லாந்து தயவில் ஆல்பம் போட்டால் பங்க், ப்ரொபெல்லர் சோவியத் ஆட்சிக்குள்ளேயே நின்று தடை வாங்கினால் பங்க் இல்லை. நல்ல நியாயம்.

இரும்புத்தொப்பி: ஃபின்லாந்தை ஏன் இழுக்கிறீர்கள்? டாலினில் பாதி வீடுகளில் ஃபின்லாந்து டிவிதான் ஓடிக்கொண்டிருந்தது, இசையும் அந்த வழியாகத்தான் வந்தது. போன மாதம் ஹங்கேரி இழையிலும் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள். மூன்று நாள் கெஞ்சியும் ஒரு ஆதாரம் தரவில்லை.

பழைய கேசட்: ஹங்கேரி இழையை அழிக்கச் சொல்லி மாடரேட்டரிடம் அழுதது நீங்கள். மறந்துவிட்டதா?

இரும்புத்தொப்பி: அழுதேனா? கெட்ட வார்த்தை எழுதியவர் நீங்கள், புகார் கொடுத்தால் அழுகையா? அப்புறம், ஜே.எம்.கே.இ.யின் 'டெரே பெரெஸ்ட்ரொய்கா' (கோர்பச்சேவின் சீர்திருத்தத்துக்கு 'வணக்கம்' சொல்லும் தலைப்பு) பாட்டை ஒரு தடவையாவது முழுசாகக் கேட்டிருக்கிறீர்களா? அரசாங்கத்தை நேரடியாகக் கிண்டல் அடிக்கிறார் தம்மே. உங்கள் நாடகக்காரர் மேடையில் நடித்தார். புல்லாங்குழலோடு!

வாணி_ஆர்: 1984-க்கு யாரும் பதில் சொல்லப்போவதில்லை, அப்படித்தானே?

பழைய கேசட்: அம்மா, நீங்கள் தனி இழை திறந்துகொள்ளுங்கள். இவருக்கு நான் ராத்திரி விரிவாக எழுதுகிறேன்.

இரும்புத்தொப்பி: எழுதுங்கள். விக்கிபீடியாவிலிருந்து எடுத்தால் கண்டுபிடித்துவிடுவேன்.