பல நாடுகளுக்கான சிறிய கார்: எதனை முதலில் தீர்மானிப்பது?

கல்லடி மாணவன்:
ஒலுவிலில் பொறியியல் படிக்கிறேன். பல நாடுகளில் விற்கக்கூடிய சிறிய கார் ஒன்றின் ஆரம்ப வரைபுதான் எனது இறுதியாண்டுச் செயற்றிட்டம். எங்கள் வீட்டில் ஜப்பானில் ஓடிய ரீகண்டிஷன் வேகன் ஆர் நிற்கிறது; மாமாவிடம் இந்தியத் தயாரிப்பான ஆல்டோ இருக்கிறது. இரண்டும் சுசுகிதான், ஆனால் ஒன்றின் என்ஜின் 660 சிசி, மற்றது 796 சிசி. இதைப் பார்த்த பின்னர் என்ஜின், அளவு, விலை ஆகியவற்றில் எதிலிருந்து தொடங்குவதென்று புரியவில்லை.

அக்கரைப்பற்று வரைபாளர்:
தம்பி, அளவிலிருந்து தொடங்குங்கள். அதைக்கூடப் பெரும்பாலும் வரிச்சட்டமே தீர்மானிக்கிறது. ஜப்பானில் 3.4 மீற்றர் நீளம், 1.48 மீற்றர் அகலம், 660 சிசி என்ற எல்லைகளுக்குள் நின்றால்தான் கெய் எனப்படும் சிறிய கார் வகைக்கான வரிச்சலுகை கிடைக்கும். ஜப்பானுக்கு வெளியே அந்த எல்லைக்கு வேலையில்லை என்பதால்தான் மாமாவின் காருக்குப் பெரிய என்ஜின். இந்தியாவிலோ 2006 முதல் 4 மீற்றருக்குக் குறைந்த நீளமும் 1200 சிசிக்கு மேற்படாத பெற்றோல் என்ஜினும் உள்ள கார்களுக்கு வரி குறைவு, அதனால் டிக்கியை வெட்டிவிட்டாற்போன்ற செடான்கள் அங்கே பிறந்தன (எனக்கு அவற்றின் தோற்றம் இன்றுவரை பிடிக்கவில்லை).

அடுத்து, முன்சில்லின் அச்சுக்கும் பிரேக் பெடலுக்கும் இடைப்பட்ட தூரத்தை உறுதிசெய்யுங்கள். என்ஜின், ஸ்டியரிங், மோதலைத் தாங்கும் சட்டகம் ஆகிய அனைத்தும் அங்கேதான் நெருக்கியடிக்கின்றன. பின்பகுதியைப் பிறகு நீட்டலாம், இந்த இடத்தைத் தொட்டால் முழுக் காரையும் மீண்டும் வரைய நேரிடும். 1959இல் பிரித்தானிய வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் மினி காரின் என்ஜினைக் குறுக்காக வைத்து, கியர்பெட்டியை அதற்குக் கீழே அமைத்ததால்தான் 3.05 மீற்றர் நீளத்துக்குள் நால்வர் அமர முடிந்தது.

சாய்ந்தமருது கராஜ்:
வரைபாளர் சொன்ன அந்த இடத்தில்தான் எங்களுக்கும் தலைவலி. இடப்புற ஸ்டியரிங்குக்காக வரையப்பட்ட ஐரோப்பிய சிறிய கார் ஒன்று கடந்த மாதம் வந்தது. ஸ்டியரிங் வலப்புறம் இருந்தாலும் பிரேக் பூஸ்டர் (மிதிக்கும் விசையைப் பெருக்கும் பாகம்) இடப்புறமே தங்கிவிட்டது, பெடலிலிருந்து அதுவரை டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு நீண்ட கம்பி குறுக்கே ஓடுகிறது. அந்தக் கம்பியைத் தாங்கும் புஷ் என்ற சிறு வளையம் தேய்ந்து, மிதிக்கும்போது பெடல் ஆடியது. உரிமையாளரோ காரணம் தெரியாமல் இரண்டு தடவை பிரேக் பேட் மாற்றியிருந்தார். வைப்பரும் இடப்பக்கச் சாரதிக்கானது, மழையில் இவருடைய கண்ணுக்கு நேரே ஒரு மூலை துடைபடாமலே நிற்கும்.

இன்னொன்று, எங்கள் கரையோர உப்புக்காற்றையும் கணக்கில் எடுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் மணலால் அடைபட்டு, அங்கிருந்துதான் துரு தொடங்குகிறது. நாகம் (துத்தநாகம்) பூசிய தகடும், சற்றே பெரிய துளையும் போட்டால் போதும்.

கல்லடி மாணவன்:
நன்றி நானா. முதற்தாளிலேயே பூஸ்டருக்கு இரு பக்கமும் இடம் ஒதுக்கப் போகிறேன். செலவு ஏறாதா என்பதுதான் யோசனை.

அக்கரைப்பற்று வரைபாளர்:
ஏறும், வேறிடத்தில் குறையுங்கள். 2004இல் ரெனோவின் டாச்சியா நிறுவனம் வெளியிட்ட லோகனில், பின்னால் வருவதைப் பார்க்கும் இரு பக்கக் கண்ணாடிகளுக்கும் ஒரே உருவம், ஒரு வார்ப்பச்சின் செலவு மிச்சம்.

சாய்ந்தமருது கராஜ்:
வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வாருங்கள் தம்பி. புஷ் இன்னும் கொழும்பிலிருந்து வராததால் அந்தக் கார் டேஷ்போர்டு கழற்றியபடியே நிற்கிறது, கம்பியை அளந்துகொள்ளலாம்.