கழுத்து, காலர் வெறப்பா நிக்க உள்பக்கம் வெச்சு, தேய்ச்சு ஒட்டுற பசைத் துணி, அதான் கேன்வாஸ், துவைச்சதும் கொப்புளமா ஆகுது, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

அம்மாபேட்டை டெய்லர்:
காட்டன் பிளவுஸ், பானை கழுத்து. குடுக்கறப்ப கழுத்து நல்லா வெறப்பா நின்னுச்சு. ஒரு மாசம் கழிச்சு அந்தம்மா வந்தாங்க, ஒரு வார்த்தை பேசல, பிளவுஸை மேசைமேல விரிச்சு கழுத்து ஓரத்துல விரலை வெச்சு தடவிக் காட்டுனாங்க, பூராவும் சின்னச் சின்ன கொப்புளம், அமுத்துனா சரசரன்னு சத்தம். திட்டிட்டுப் போயிருந்தாகூட மறந்திருப்பேன், அந்த விரல்தான் இன்னும் கண்ணுலயே நிக்குது. துணியை ஊற வெச்சுத்தான் வெட்டுனது. கேன்வாஸ்தான் மட்டம்.

ஏற்காடு மலர்:
எங்க ஊர்ல பனிமூட்டம்தான் எதிரி அக்கா. மழைக்காலத்துல துணி காஞ்ச மாதிரி இருக்கும் ஆனா உள்ள ஈரம் இருக்கும், இஸ்திரிப் பொட்டியோட சூடெல்லாம் அந்த ஈரத்தைக் காய வைக்கறதுக்கே போயிடும், பசை எங்க உருகறது? ராத்திரி ஒட்டுன காலர் முனையைக் காலைல சும்மா புடிச்சேன், முழுசா கையோட வந்துடுச்சு. இப்ப வெறும் துணியை முதல்ல நல்லா தேய்ச்சிட்டுதான் கேன்வாஸையே எடுக்கறது.

செவ்வாப்பேட்டை பேக் ஒர்க்ஸ்:
அம்மாபேட்டை அக்கா, துணியை ஊற வெச்சீங்க சரி, கேன்வாஸை ஊற வெச்சீங்களா? நெய்த காட்டன் கேன்வாஸும் சுருங்கும்க்கா, துணி அப்படியே இருக்க அது மட்டும் சுருங்குனா கொப்புளம் வராம என்ன வரும். வெதுவெதுப்பான தண்ணில போட்டு, முறுக்காம, நெழல்ல காயப் போடுங்க. அப்புறம் பொட்டியை இழுத்துத் தேய்க்கவே கூடாது, வெச்சு அமுத்தி ஒரு 10, 15 செகண்ட், தூக்கி பக்கத்துல வெக்கணும், முன்னாடி வெச்ச எடத்துமேல கொஞ்சம் ஏறணும். சூட்டோட எடுத்து மடிக்காதீங்க, ஆறுனாதான் பசை புடிக்கும். வாங்குன உடனே ஒரு துண்டுல ஒட்டி துவைச்சுப் பாத்துடணும், இதைச் செய்யறவங்க நம்ம ஊர்ல ரொம்பக் கம்மி. என் கதை சின்னதுதான், ஒரு கல்யாண ஆர்டர் தாம்பூலப் பையெல்லாம் நடுவுல உப்பிடுச்சு.

அம்மாபேட்டை டெய்லர்:
தம்பி, அது பேப்பர் கேன்வாஸ், நெய்ததே இல்ல. மிச்சத் துண்டு இன்னும் கைல இருக்கு, வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா பாதி எடத்துல பசைப் புள்ளியே கெடையாது. பொட்டியை எப்படிப் புடிக்கறதுன்னு எனக்குச் சொல்லித் தராதீங்க.

கொண்டலாம்பட்டி:
சண்டை வேணாம். எங்களுது வெண்பட்டு. கூட தெக்கற பொண்ணு அவசரத்துல பசைப் பக்கத்தை மேல வெச்சு தேய்ச்சிடுச்சு, பசையெல்லாம் பொட்டில ஏறி, அதே பொட்டி அடுத்து வெண்பட்டு மேல போச்சு. வெள்ளையில பழுப்பா பொட்டி முனை அச்சு, எந்தப் பக்கம் திருப்புனாலும் அதுதான் தெரியுது. அந்தப் பொண்ணு ரெண்டு கையையும் அந்த அச்சு மேல வெச்சு மறைச்சுட்டே நின்னுச்சு. சொரசொரப்பா, மினுமினுப்பா இருக்கறதுதான் பசைப் பக்கம், அது துணியைப் பாத்து இருக்கணும், மேல ஒரு பழைய வேட்டித் துண்டு கண்டிப்பா போடுங்க. பொட்டில பசை ஏறிட்டா சூடா இருக்கறப்பவே பாராசிட்டமால் மாத்திரையை இடுக்கியால புடிச்சுத் தேய்ச்சா வந்துடும், பொகை வரும், ஜன்னலைத் தொறந்து வெச்சுக்கங்க. பட்டுக்கு நாங்க இப்ப ஒட்டறதே இல்ல, மெல்லிசான மல் காட்டன் துணியை உள்ள வெச்சு தெச்சுடறோம்.